ஒரு மில்லிமீட்டர் மேடு

பென்சில்வேனியாவின் பழைய லாங்ரைஃபிள் துப்பாக்கிகளில் மரத்தின் மேல் புடைத்து நிற்கும் செதுக்கு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் உயரத்தை ஒட்டித்தான் இருக்கும். இருநூறு ஆண்டுகளாகக் கையும் கன்னமும் பட்டுத் தேய்ந்தவற்றில் அதுவும் மிஞ்சாது. அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு கொடி கிளம்பி, சுருண்டு, இலை விட்டு, இலையின் நடுவில் நரம்பு ஓடி, நுனியில் மரத்தோடு மரமாக அடங்கிவிடுகிறது. இதை எங்கே பார்த்துக் கற்றுக்கொள்வது என்ற தேடலில்தான் என் நாற்பதுகளின் விடுமுறை நாட்கள் பெரும்பாலும் போயின. போனதில் எனக்கு நிறைவுதான்.

வேலை நிமித்தமாக நாங்கள் குடியேறிய இடம் பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கு. பெத்லஹேம், நாசரேத், அலன்டவுன் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். லாங்ரைஃபிள் உருவான நிலம் இதுவும் இதற்குத் தென்மேற்கே இருக்கும் லங்காஸ்டர், ரெடிங் பகுதிகளும்தான் என்பது வந்து சேர்ந்தபோது எனக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஜெர்மானியக் குடியேறிகள் தங்கள் நாட்டு வேட்டைத் துப்பாக்கியான யேகரைக் கொண்டுவந்தார்கள். அது குட்டையானது, வாய் அகன்றது. இங்கத்துக் கொல்லர்கள் குழலை நீட்டினார்கள். 42 அங்குலம், 44 அங்குலம், அதற்கும் மேலே என்று எட்டுப்பட்டைக் குழல் வளர்ந்தது; வாய் சிறுத்தது; ஈயமும் மருந்தும் மிச்சமாயின. உள்ளூரில் தாராளமாகக் கிடைத்த மேப்பிள் மரத்தில் கட்டை செய்தார்கள். சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து வெடிக்கும் பொறியமைப்பு. 1775 ஜூன் 14 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் முதன்முதலாகப் படை திரட்ட முடிவெடுத்தபோது கேட்டதே இந்தத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆட்களைத்தான்: பென்சில்வேனியாவிலிருந்து 6 கம்பெனி, மேரிலாந்து, வர்ஜீனியாவிலிருந்து தலா 2.

எனக்குச் சுடுவதில் ஆர்வம் இல்லை. மரவேலையில் உண்டு. ஒரு குளிர்காலத்தில் குழலும் லாக் எனப்படும் பொறியமைப்பும் விலைக்கு வாங்கி, மேப்பிள் பலகை ஒன்றை எடுத்துக் கட்டை செதுக்க ஆரம்பித்தேன். குழலைப் பதிப்பது, லாக்கைப் பதிப்பது, பித்தளை உறுப்புகளைப் பொருத்துவது எல்லாமே பொறுமையாகச் செய்தால் வந்துவிடுகிற வேலைகள். அளவு இருக்கிறது, பொருந்துகிறதா என்று பார்க்கக் கரி தடவும் வழி இருக்கிறது. அலங்காரச் செதுக்கு அப்படி இல்லை. குழலின் வால் மரத்துக்குள் முடியும் இடத்தில் ஒரு சிறு இலை வேண்டும். அடியில், குண்டை இடித்து இறக்கும் ராம்ராட் கோல் கட்டைக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. லாக்கைச் சுற்றிய மேட்டுக்குப் பின்னால் ஒரு கூர்முனை. எல்லாவற்றையும் விடப் பெரிய களம், சுடுகிறவர் கன்னம் வைக்கும் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம். கொல்லர் தன் கைவரிசை முழுவதையும் காட்டியது அங்கேதான். அந்த வெற்றிடத்தில் பென்சிலை வைத்தால், முதல் கோடு எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் என்றதும் எல்லோரும் புத்தகங்களைத்தான் சொன்னார்கள். ஜான் டில்லின் 1924இல் வெளியிட்ட ‘தி கென்டக்கி ரைஃபிள்’ இந்தத் துறையின் மூத்த நூல். அதில் ஆர்வம் இருக்கிறது, செதுக்குகிறவனுக்கு வேண்டிய நெருக்கம் இல்லை. 1960இல் யார்க் நகரத்துப் பழம்பொருள் வணிகர் ஜோ கிண்டிக் எழுதிய பெரும் புத்தகம் வேறு தரம். வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கிகளை வாங்கி, விற்று, கையில் வைத்துப் பார்த்த ஒருவர் கொல்லர் கொல்லராக, ஊர் ஊராகப் பிரித்து, செதுக்கு தெரியும்படி படம் எடுத்து அச்சிட்டிருக்கிறார். துப்பாக்கியை நாட்டுப்பற்றின் சின்னமாக மட்டும் பார்த்த காலத்தில், அதைக் கலைப்பொருளாகப் பார்க்க வேண்டும் என்று அத்தனை பக்கங்களில் வாதாடிய மனிதர். அவருக்கு நான் கடன்பட்டவன். அடுத்தது ஜார்ஜ் ஷம்வே 1980இல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘ரைஃபிள்ஸ் ஆஃப் கலோனியல் அமெரிக்கா’. துப்பாக்கி செய்கிறவர்கள் இதை ஆர்.சி.ஏ. என்பார்கள். அதில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் உண்டு. நாலு பேர் கூடிப் பேசினால் கொல்லர் பெயர் வருவதற்கு முன் ஆர்.சி.ஏ. எண்தான் வரும்.

இந்தப் படங்களை வைத்து வேலை செய்ய ஒரு வழி இருக்கிறது. பின்கட்டையின் முடிவில் இருக்கும் பித்தளைத் தகட்டின் உயரம் குறிப்பில் இருக்கும். அந்த அளவு வரும்வரை படத்தை நகலெடுக்கும் கடையில் பெரிதாக்கிக்கொண்டால் செதுக்கும் ஏறத்தாழ அசல் அளவுக்கு வந்துவிடும். பிறகு டிரேசிங் காகிதம். ஆனால் கட்டை தட்டையான பரப்பு அல்ல. பிடியை நோக்கி உருண்டு செல்கிறது. கேமராவுக்கு நேராக இருந்த பகுதி சரியாக விழும், உருண்டு விலகும் பகுதி குறுகிவிடும். படத்தில் முட்டை வடிவாகத் தெரியும் சுருள் மரத்தில் வட்டமாக இருந்திருக்கும். இதையும் திருத்திக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கையில் இருப்பது வெளிக்கோடு மட்டும்தான். கொடியின் முதுகு உருண்டையா, தட்டையா, நடுவில் குழிந்ததா? பின்புலம் எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் போய்ச் சமமாகிறது? கறுப்பு வெள்ளைப் படம் இதைச் சொல்வதில்லை.

கெம்ப்டன் என்ற சிற்றூரில் டிக்ஸன் என்ற துப்பாக்கிக் கடைக்காரர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் துப்பாக்கி செய்வோர் சந்தை நடத்திவந்தார்கள். செய்தவர்கள் தங்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அனுபவசாலிகள் அதை எடுத்துப் பார்த்துக் குறை நிறைகளை எழுதிக் கொடுப்பார்கள். இப்போது அந்தச் சந்தை இல்லை. எனக்கு அது பெரிய இழப்பு. அங்கே ஒருநாள், யாரோ ஒருவர் செய்த அழகான துப்பாக்கியை ஒரு பெரியவர் நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உளி வேலை சுத்தமாக இருந்தது. அவர் செய்தவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இந்தக் கொடி எங்கே முளைக்குது?”

செய்தவர் விரலால் தடவித் தேடினார். சுருள்கள் இருந்தன, இலைகள் இருந்தன. எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. பெரியவர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தில் ஒரே ஒரு நீண்ட வளைவைப் போட்டார். அதன் முதுகிலிருந்து இன்னொரு வளைவைக் கிளப்பினார், அதிலிருந்து ஓர் இலையை. “முதல் கோட்டை அழிச்சா மத்ததெல்லாம் விழுந்துடணும். அப்படி வரையுங்க” என்றார். அந்தக் காகிதத்தைச் செய்தவர் எடுத்துக்கொண்டு போனார். நான் பெரியவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வீடு எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார், எனக்கு வாய் வராது, ‘சார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் முறை போனபோது எந்தப் புத்தகமும் எடுக்கவில்லை. சுவரில் இருந்த, கையெழுத்தில்லாத ஒரு பழைய துப்பாக்கியை எடுத்துத் துணி விரித்த மேசையில் வைத்தார். எனக்கு அதில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. கறுத்துப்போன மேப்பிள், ஏதோ சில வளைவுகள். “மேல் லைட்டை அணைச்சிடுங்க” என்றார். ஒரு சின்ன டார்ச்சைக் கட்டையின் பரப்போடு ஒட்டிப் படுக்கவைத்து எரியவிட்டார்.

அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் கன்னமேட்டுக்குப் பின்னால் முழுக் கொடியும் எழுந்து வந்தது. சி எழுத்து வடிவில் ஒரு பெரிய சுருள். அதன் வெளிவிளிம்பில் உளி செங்குத்தாக இறங்கியிருந்தது, நிழல் கறுப்புக் கோடாக விழுந்தது. உள்விளிம்பில் அப்படி இல்லை. மெல்லச் சரிந்து நிழலே இல்லாமல் போனது. பின்புலம் கொடியை ஒட்டியே ஆழமாக இருந்தது. விரலகலம் தள்ளிப்போனதும் கட்டையின் பரப்போடு கலந்துவிட்டது. எங்கே கலக்கிறது என்று டார்ச்சை எப்படிப் பிடித்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொடியின் முதுகில் குழியுளியால் ஒரே இழுப்பில் ஒரு பள்ளம். நடுவில் அகன்று, இரு நுனியிலும் கூராகி. இலை பிரியும் இடத்தில் வி வடிவ உளி சற்று வழுக்கி, வேண்டாத ஒரு கீறல் போட்டிருந்தது. கொல்லர் அதை மறைக்கவில்லை. சுருளுக்குள் இருந்த சிறிய இடத்தைக் குறுக்கும் நெடுக்குமான கோடுகளால் நிரப்பியிருந்தார். கோடுகளுக்கிடையே இடைவெளி சமமாக இல்லை, ஆனால் கண்ணுக்குச் சமமாகத்தான் பட்டது. பிடிக்கு அருகில் எல்லாமே மழுங்கி, தடவினால் மட்டும் தெரியும் நிலைக்குப் போயிருந்தது. எத்தனையோ பேர் பிடித்த இடம் அது.

பெரியவர் ஒரு பெட்டியிலிருந்து பழைய குழியுளிகள் சிலவற்றை எடுத்தார். ஒன்றின் வாயைச் சுருளின் வளைவுக்கு மேலே, மரத்தைத் தொடாமல் காட்டினார். அச்சாகப் பொருந்தியது. அதே உளியை இன்னொரு சுருளுக்குக் காட்டினார், அதற்கும் பொருந்தியது. இலையின் அடி வளைவுக்கும். ஒரு கொல்லரிடம் இருந்தவை சில உளிகள்தான். வளைவின் தொடக்கத்தை அந்த உளிகளை நேராக அழுத்தித்தான் வெட்டினார். ஆகவே அவர் செய்த எல்லாத் துப்பாக்கிகளிலும் அதே வளைவுகள் திரும்பத் திரும்ப வரும். கையெழுத்தில்லாத துப்பாக்கியை யார் செய்தது என்று தேடுகிறவர்கள் இதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் செய்தி எந்தப் படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து ஒரு வடிவத்தைப் பார்த்தால் கோட்டைப் பார்ப்பதற்கு முன் எந்த உளி என்று பார்க்கப் பழகினேன்.

பெரியவர் வைத்த இன்னொரு நிபந்தனை, ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குத் தாவக்கூடாது என்பது. லாங்ரைஃபிளில் ஊருக்கு ஊர் பாணி உண்டு. ஜேக்கப் டிக்கர்ட் போன்றவர்கள் இருந்த லங்காஸ்டரில் பின்கட்டையின் மேல்கோடும் கீழ்கோடும் நேராக ஓடும். எண்ணெய் தடவிய துணித்துண்டுகள் வைக்கும் பித்தளைப் பெட்டியின் தலைப்பில் டெய்சிப் பூ இருக்கும். எங்கள் லீஹை பகுதியில் கட்டை மெலிந்து, முதுகு வளைந்திருக்கும். புடைப்பை விடக் கீறல் செதுக்குதான் அதிகம். மேரிலாந்து எல்லைக்கு அந்தப்புறம் எமிட்ஸ்பர்க்கில் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங் செய்தவை தனி ரகம். அவ்வளவு துல்லியமான புடைப்புச் செதுக்கு. ரெடிங் கட்டையில் எமிட்ஸ்பர்க் கொடியைச் செதுக்கினால், நாஞ்சில் நாட்டுப் பேச்சையும் கொங்குப் பேச்சையும் ஒரே ஆளின் வாயில் போட்டதுபோல் இருக்கும். தனித்தனியே இரண்டும் அழகு. இது ரசனைக்கான கட்டுப்பாடு மட்டும் அல்ல. கட்டையின் வளைவுக்கேற்பத்தான் கொடியின் ஓட்டம் அமைகிறது, முதுகு வளைந்த கட்டையில் நேர்க்கட்டையின் கொடி உட்காராது.

நான் நாசரேத்தை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு அருகில் என்பது ஒரு காரணம். அங்கே கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்ற மொராவியத் திருச்சபைக் குடியிருப்பில் ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட்டும் அவருக்குப் பின் கிறிஸ்டியன் ஓர்ட்டரும் துப்பாக்கிப் பட்டறை நடத்தினார்கள். ஓர்ட்டர் 1777இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். பெயரும் ஆண்டும் பொறித்து அவர் விட்டுச்சென்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1775இல் அவர் செய்த ஒரு துப்பாக்கி வேலி ஃபோர்ஜ் பூங்காவில் காட்சிக்கு இருந்தது, 1971இல் திருடுபோனது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2018இல் ஒரு பழம்பொருள் வணிகரின் கைக்கு வந்தபோதுதான் அது எது என்று தெரியவந்தது. 2019இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் போனேன். கண்ணாடிக்கு வெளியே மண்டியிட்டும் எட்டிப் பார்த்தும் நின்றேன். காவலர் வந்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார். அந்தத் துப்பாக்கி காணாமல் இருந்த காலத்தில் எத்தனை பேர் இந்தப் பாணியைக் கற்க முயன்று, மூலத்தைப் பார்க்காமலே முடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து மனம் கனத்தது. ஒரு பொருள் திருடு போகும்போது அதைப் பார்த்துக் கற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறையின் படிப்பும் சேர்ந்தே போகிறது.

நாசரேத் அருகே ஜேக்கப்ஸ்பர்க்கில் பென்சில்வேனியா லாங்ரைஃபிள் அருங்காட்சியகம் இருக்கிறது. லங்காஸ்டரில் லாண்டிஸ் வேலி. இவற்றுக்கு ஒரு தடவை போய் வந்தால் போதாது. காலை வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது ஒரு பக்கம் தெரியும், பிற்பகலில் வேறு பக்கம். பழைய முறையிலேயே ஒரு துப்பாக்கி முழுவதையும் செய்வதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, வாலஸ் கஸ்லர் வில்லியம்ஸ்பர்க் பட்டறையில் வேலை செய்வதைக் காட்டும் 1969ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. உளியை அவர் பிடிக்கும் விதத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கேள்வி பின்னால் நகர்ந்துவிடுகிறது. எனக்கு ஆதாரம் இந்தக் கொல்லர். இந்தக் கொல்லருக்கு ஆதாரம் யார்? அவர் கண்ணில் தினமும் பட்டவை எவை? லங்காஸ்டரில் உயரமான நின்ற கடிகாரப் பெட்டி ஒன்றைப் பார்த்தபோது எனக்குப் பாதி பதில் கிடைத்தது. ஃபிலடெல்ஃபியாத் தச்சர்கள் செதுக்கைத் தனியாகச் செய்து ஒட்டுவதுண்டு. லங்காஸ்டர்ப் பெட்டிகளில் செதுக்கு அதே பலகையிலேயே, ஆழமில்லாமல், பரப்பிலிருந்து எழுந்து பரப்பிலேயே அடங்குகிறது. துப்பாக்கிக் கட்டையில் பார்த்த அதே நடை. சிப்பி, சி சுருள், எஸ் சுருள், அக்காந்தஸ் இலை எல்லாம் ஐரோப்பிய ரொக்கோகோ பாணி. 1754இல் லண்டனில் தாமஸ் சிப்பென்டேல் வெளியிட்ட மேசை நாற்காலி வடிவ நூல் போன்றவை அந்தப் பாணியை அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பரப்பின. உள்ளூர்த் தச்சரின் கையில் அது தாழ்ந்த புடைப்பாக மாறி, கொல்லரின் கையில் இன்னும் தாழ்ந்து ஒரு மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது. அதற்கு மேல் அவர் போகவும் முடியாது. குழலை ஒட்டிய இடங்களில் மரத்தின் கனமே சில மில்லிமீட்டர்தான்.

டாய்ல்ஸ்டவுனில் ஹென்றி மெர்சர் சேர்த்து வைத்த வார்ப்பிரும்பு அடுப்புத் தகடுகள் இன்னொரு பள்ளிக்கூடம். விவிலியக் காட்சிகள், டியூலிப் பூ, இதயம். ஒவ்வொரு ஜெர்மானிய வீட்டின் குளிர்காலமும் அந்தத் தகடுகளைப் பார்த்துக்கொண்டே கழிந்திருக்கும். ஃபிராக்டூர் என்ற வண்ணப் பிறப்புச் சான்றுகளையும் திருமணத் தாள்களையும் ஃபிலடெல்ஃபியா பொது நூலகம் பெரிய அளவில் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றின் ஓரத்தில் ஓடும் கொடிக்கருக்கு, லீஹை துப்பாக்கியின் கீறல் செதுக்குக்கு மிக நெருக்கமான உறவு. கொல்லரும் அந்தத் தாள்களை எழுதிய பள்ளி ஆசிரியரும் ஒரே தேவாலயத்துக்குப் போனவர்கள்.

பாரிஸில் துப்பாக்கிக் கொல்லர்களுக்கென்றே அச்சிட்ட வடிவ நூல்களும் உண்டு. 1685இல் வந்த சிமோனன் நூல், 1730 வாக்கில் வந்த தெ லகொலோம்ப் நூல் இரண்டின் மறுபதிப்புகளும் என்னிடம் இருக்கின்றன. உலோகத்தில் பொறிப்பவருக்கு அவை பொக்கிஷம். மரத்தில் செதுக்குகிறவர் அவற்றை வம்சாவளி தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அந்தக் கோடுகள் செம்புத் தகட்டில் கீறியவை. கர்லி மேப்பிளில் நார் மேலும் கீழுமாக அலையடிக்கும், அரை அங்குலத்துக்கு ஒருமுறை உளியைத் திசை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். அங்கே அந்தக் கோடு அப்படியே வராது. மரம் எதை அனுமதிக்கிறது என்பதைப் பழைய துப்பாக்கிதான் சொல்லும்.

அசல் செதுக்கிலிருந்து அச்செடுத்து ரெசினில் வார்த்த பின்கட்டைத் துண்டுகள் சிலர் வைத்திருக்கிறார்கள். பெரியவர் எனக்கு ஒன்று கொடுத்தார். செதுக்க உட்காரும்போது அது இடப்பக்கம் இருக்கும். கண்ணால் பார்ப்பதை விடக் கட்டைவிரலால் தடவுவதுதான் அதிகம். எந்த வளைவு எந்த இடத்தில் தணிகிறது என்பதை விரல் விரைவில் பிடித்துக்கொள்கிறது. காகிதத்திலிருந்து மரத்துக்கு நகலெடுப்பதை நான் விட்டுவிட்டேன். நாள்கணக்கில் தாளில் வரைந்து கை பழகிய பிறகு, கட்டையின் மேலேயே பென்சிலால் முதல் கோட்டைப் போடுகிறேன். செதுக்கி முடித்து, இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசி, மேலே சூடு காட்டும்போது பச்சையாக இருந்த மரம் சட்டென்று செம்பழுப்பாக மாறும். வரிகள் துலங்கும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆளி விதை எண்ணெய்.

பெரியவர் போன பிறகு அவர் பிள்ளைகள் சேகரிப்பை ஏலத்துக்கு விட முடிவெடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பராமரிக்க இடமும் ஆர்வமும் வேண்டும். ஏலத்துக்கு முன் படமெடுக்க அனுமதி கேட்டேன், மனமுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியையும் மேல் விளக்கை அணைத்து, நான்கு திசைகளிலிருந்தும் சாய்வு வெளிச்சம் கொடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தேன். எந்தச் சுருளுக்கு எந்த உளி பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டேன். இப்போது அந்தத் துப்பாக்கிகள் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. கோப்பு என்னிடம் இருக்கிறது. கேட்டு வருகிற எவருக்கும் திறந்து காட்டுகிறேன், நகலெடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ரெடிங்கிலிருந்து ஓர் இளம்பெண் வருகிறாள். தச்சுப் பள்ளியில் படித்தவள், கை சுத்தம். லெபனான் பகுதிக் கொல்லர் ஜான் ஃபிலிப் பெக்கின் பாணியை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பெக் என் கோப்பில் இல்லை. அவர் செய்த துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு சேகரிப்பாளருக்கு இருவரும் சேர்ந்து கடிதம் எழுதியிருக்கிறோம். கையுறை போட்டுக்கொள்வோம், மேசைக்கு மெத்தையும் டார்ச்சும் நாங்களே கொண்டுவருவோம், ஒரு மணி நேரம் போதும் என்று.